வீட்டு டயாலிசிஸ் மெஷின் தண்ணீரை எப்படி அளக்கிறது? பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் கேட்ட கேள்விகள்

அல்சூரில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு நான்கு வருடமாக இரவுதோறும் பெரிடோனியல் டயாலிசிஸ் (சுருக்கமாக பி.டி.) நடக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் சவ்வையே வடிகட்டியாக வைத்து, சர்க்கரை கலந்த மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, வெளியே எடுக்கும் முறை இது. கையால் செய்வதை இரவில் தானாகச் செய்யும் மெஷினுக்கு சைக்கிளர் என்று பெயர். நான் பீன்யாவில் அழுத்த உணரிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதனால் ஆஸ்பத்திரியில் மாதாந்திர செக்கப்புக்குக் காத்திருக்கும்போது, தமிழ் பேசும் குடும்பத்தார் மெஷின் காட்டும் எண்களைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். மருந்து நீரின் பலத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் மாற்றுவது டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு அவற்றில் கை வைக்காதீர்கள்.

உள்ளே விடுகிறது, வெளியே எடுக்கிறது. அதில் துல்லியம் எதற்கு?

அப்பாவுக்கு ஒரு இரவில் ஐந்து சுற்று, சுற்றுக்கு 2 லிட்டர். மொத்தம் 10 லிட்டர் உள்ளே போகிறது. காலையில் 10.8 லிட்டர் வெளியே வந்ததாக மெஷின் காட்டினால், உடம்பிலிருந்து 800 மில்லி கூடுதல் நீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதைத்தான் யூ.எஃப். என்கிறார்கள். கால் வீக்கம், ரத்த அழுத்தம், மூச்சு வாங்குவது எல்லாம் இந்த எண்ணோடு கட்டுண்டவை. நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதும் இதை வைத்துத்தான் முடிவாகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். யூ.எஃப். நேரடியாக அளக்கப்படுவதில்லை. இரண்டு பெரிய எண்களைக் கழித்து வரும் சின்ன எண் அது. உள்ளே விடும்போது சரியாக அளந்துவிட்டு, வெளியே எடுக்கும்போது மட்டும் 2 சதவீதம் பிசகினால், 10 லிட்டருக்கு 200 மில்லிக்கு மேல் தப்பு வரும். 800 மில்லியில் 200 மில்லி என்றால் கால் பங்கு! வெறும் 2 சதவீதம்தானே என்று விட முடியாது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதே மெஷின் உள்ளே விடும்போதும் 2 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது, வெளியே எடுக்கும்போதும் அதே 2 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்று வையுங்கள். கழிக்கும்போது இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். யூ.எஃப்.-இல் 16 மில்லிதான் வித்தியாசம் வரும். அதனால்தான் நல்ல வடிவமைப்பில் இரண்டு திசைக்கும் ஒரே பம்ப் அறைகளையும் ஒரே உணரிகளையும் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், மெஷின் ஒவ்வொரு லிட்டரையும் அச்சுப்பிசகாமல் அளப்பதைவிட, போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி அளப்பதுதான் முக்கியம்.

பம்புக்குள் தண்ணீரை அளக்க எத்தனை வழி இருக்கிறது?

பழைய வழி, எடை போடுவது. மருந்து நீர்ப் பையும் வடிகால் பையும் தராசில் தொங்கும், நீர் புவியீர்ப்பில் இறங்கும். எளிமையானது, நம்பகமானது. ஆனால் பையை உயரத்தில் தொங்கவிட வேண்டும், மெஷின் பெரிதாகிவிடும், யாராவது பையில் இடித்தால் எண் ஆடும்.

இரண்டாவது, பிஸ்டன். ஊசி மருந்து சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மோட்டாரின் படிகளை எண்ணித் தெரிந்துகொண்டு, அதைப் பரப்பளவால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும். இடையில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் பிஸ்டனோடு ஒட்டியே நகரும் வரை இந்தக் கணக்கு சரி. குழாய் மடங்கி எதிர்ப்பு கூடினால் படலம் இழுபடும், பிஸ்டன் போன தூரமும் நீர் போன அளவும் கொஞ்சம் விலகும்.

மூன்றாவது, காற்றை வைத்து நீரை அளப்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். செக்வே வண்டியை உருவாக்கிய அமெரிக்கர் டீன் கேமனின் குழுதான் பாக்ஸ்டர் கம்பெனிக்காக ஹோம்சாய்ஸ் சைக்கிளரை இந்த முறையில் வடிவமைத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு மெஷின் சுருங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

காற்றை வைத்துத் தண்ணீரை அளப்பதா? எப்படி?

ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெப்பநிலை மாறாதபோது, அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது.

மெஷினுக்குள் செருகும் பிளாஸ்டிக் காசெட்டில் ஒரு சின்ன பம்ப் அறை, நடுவே ஒரு நெகிழ்வான படலம். படலத்துக்கு ஒரு பக்கம் மருந்து நீர், மறுபக்கம் காற்று. அறையின் மொத்தக் கொள்ளளவு தெரியும். காற்று எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், மீதி நீர்.

அந்தக் காற்றை அளக்க, பக்கத்தில் கொள்ளளவு தெரிந்த இன்னொரு கெட்டியான அறை இருக்கும். அதை ஒப்பீட்டு அறை என்று சொல்லலாம். கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை: ஒப்பீட்டு அறை 20 மில்லி, அதில் அழுத்தம் 150 கிலோபாஸ்கல். பம்ப் அறையின் காற்றுப் பக்கம் 100 கிலோபாஸ்கல், கன அளவு தெரியாது. நடுவில் இருக்கும் வால்வைத் திறந்தால் இரண்டும் ஒரே அழுத்தத்துக்கு வரும். அது 120 என்று உணரி காட்டுகிறது. ஒப்பீட்டு அறையில் 30 குறைந்திருக்கிறது, பம்ப் அறையில் 20 கூடியிருக்கிறது. 20 மில்லியை 30ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 30 மில்லி. காற்று இருக்கும் இடம் அவ்வளவு.

அடுத்து நீரைத் தள்ளிவிட்டு மறுபடி இதே வேலை. இந்தத் தடவை அழுத்தம் 115.4இல் நின்றால், காற்றின் இடம் 45 மில்லி ஆகியிருக்கிறது. 15 மில்லி நீர் வெளியே போயிருக்கிறது. நீரைத் தொடாமலே அளந்தாயிற்று. மருந்து நீர் படலத்துக்கு அந்தப் பக்கமே இருப்பதால் அளக்கும் கருவியிலிருந்து கிருமி சேரவும் வழியில்லை. காசெட்டை ஒரு இரவோடு தூக்கிப் போட்டுவிடலாம், விலை அதிகமான உணரி மெஷினிலேயே இருக்கும்.

பம்பின் ஒவ்வொரு அடிக்கும் சின்னத் தப்பு வந்தால் காலைக்குள் பெரிதாகிவிடாதா?

எந்த மாதிரித் தப்பு என்பதைப் பொறுத்தது.

பம்ப் ஒரு தடவை நீரைத் தள்ளுவதுதான் ஒரு அடி. அடிக்கு 15 மில்லி என்றால் 10 லிட்டர் உள்ளே, 10.8 லிட்டர் வெளியே, ஆக ஏறத்தாழ 1,400 அடி. ஒவ்வொன்றிலும் 0.3 மில்லி முன்பின்னாக, ஒரு தடவை கூட, ஒரு தடவை குறைவாக வந்தால், அவை தமக்குள்ளேயே பெரும்பாலும் கழிந்து, இரவு முழுவதற்கும் 11 மில்லி போலத்தான் நிற்கும். ஒரு டேபிள்ஸ்பூன்கூட இல்லை.

அதே 0.3 மில்லி ஒரே பக்கமாகச் சாய்ந்தால்? உள்ளே போகும் 10 லிட்டருக்கு மட்டுமே 200 மில்லி. மேலே சொன்ன கணக்கில் தொடக்க அழுத்தங்களைச் சரியாகக் காட்டும் உணரி, வால்வைத் திறந்த பிறகு மட்டும் 120க்குப் பதில் 120.2, 115.4க்குப் பதில் 115.6 என்று எப்போதும் ஒரே பக்கம் காட்டினால் போதும், 15 மில்லி 14.7 போல ஆகிவிடும். பட்டறையில் நாங்கள் பயப்படுவது இந்தச் சாய்வுக்குத்தான். ஆடும் எண் கண்ணுக்குத் தெரியும், சந்தேகம் வரும். ஆடாமல் அசையாமல் தப்பாகவே காட்டும் உணரியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே. காற்று லேசாக இருப்பதால் அளவு தப்புமா?

நல்ல கேள்வி. சென்னையில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல், இங்கே சுமார் 91. பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்கள் உணரி பத்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறது, கெட்டுவிட்டது என்று ஓடி வருவார்கள். கெடவில்லை, ஊர் உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே நாம் போட்ட கணக்கில் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்ற வித்தியாசங்கள் மட்டுமே வந்தன. எல்லா அழுத்தத்திலும் பத்தைக் கழித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள், விடை அதே 30 மில்லிதான். ஆனால் இது காற்றின் வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்ட கணக்கு. நிஜத்தில் மாறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சமாசாரம். வேகமாக அமுங்கும் காற்று சூடாகும், விரியும் காற்று குளிரும். அந்த நொடியில் அழுத்தத்தைப் படித்தால் கன அளவு தப்பாக வரும். அதற்காக ஒரு கணம் பொறுத்துப் படிப்பார்கள். அறைக்குள் செம்புக் கம்பிச் சுருளோ துளை நிறைந்த நுரையோ வைத்து வெப்பத்தை உறிஞ்ச விடுவதும் உண்டு. இல்லையென்றால் கணக்கிலேயே திருத்தம் சேர்ப்பார்கள். அந்தத் திருத்தத்துக்கு, சுற்றியுள்ள காற்றையும் சேர்த்த முழு அழுத்தம் தெரிய வேண்டும். அங்கேதான் ஊரின் உயரம் உள்ளே நுழைகிறது.

எந்த உயரம் வரை மெஷின் வேலை செய்யும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள், ஒரு தடவை பாருங்கள். மாலையில் ஆன் செய்ததும் மெஷின் சத்தம் போட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரத்தில் பொறுமையாக இருங்கள். அந்த நேரத்தில் குழாயை இழுப்பதோ பையை நகர்த்துவதோ வேண்டாம்.

குழாயில் குமிழி இருந்தால் அதையும் தண்ணீராக எண்ணிவிடுமா?

பிஸ்டன் தூரத்தை மட்டும் எண்ணினால், ஆம், குமிழியும் நீராகக் கணக்கில் சேர்ந்துவிடும். காற்று முறைக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நீர் அமுங்காது, குமிழி அமுங்கும். அழுத்தம் கொடுத்து ஒரு தடவை, உறிஞ்சும் நிலையில் ஒரு தடவை அளந்தால், அறைக்குள் வெறும் நீர் என்றால் இரண்டும் ஒத்துப்போகும். குமிழி இருந்தால் ஒத்துப்போகாது. மெஷின் அதைக் கண்டுபிடித்துக் காற்றை வடிகாலுக்குத் தள்ளும். எப்படியானாலும் தொடக்கத்தில் குழாயை நீரால் நிரப்பும் வேலையை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது.

ஆஸ்பத்திரி டயாலிசிஸில் உருளை சுற்றும் பம்பைப் பார்த்தேன். அது வேறா?

அது ரத்தத்தைச் சுற்ற வைக்கும் பம்ப். உருளை குழாயை நசுக்கி நசுக்கி முன்னே தள்ளும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்பது குழாயின் உள் அகலத்தைப் பொறுத்தது. குழாய் தளர்ந்தாலோ, ஊசிப் பக்கம் இழுவை அதிகமானாலோ, திரையில் காட்டுவதைவிடக் குறைவான ரத்தமே ஓடும். அங்கே உடம்பிலிருந்து நீக்கும் நீரை அந்தப் பம்பை நம்பி அளப்பதில்லை. பெரும்பாலான மெஷின்களில் அதற்கென்று சமநிலை அறைகள் உண்டு. ஒரே கெட்டியான அறைக்குள் படலத்துக்கு ஒரு பக்கம் புதிய நீர் வர, மறுபக்கம் பழைய நீர் அதே அளவு வெளியே தள்ளப்படும். கூடுதலாக எடுக்க வேண்டியதை மட்டும் தனிச் சின்ன பம்ப் அளந்து எடுக்கும். இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும் தொல்லையே இல்லாமல் செய்துவிட்டார்கள், அருமையான யோசனை.

மருந்து நீரைச் சூடாக்குகிறார்களே, விரிந்து அளவு மாறாதா?

மாறும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. 25 டிகிரியிலிருந்து 37க்கு வந்தால் 2 லிட்டருக்கு 7, 8 மில்லிதான் விரியும்.

பையை எடை போட்டுப் பார்த்தேன். மெஷின் சொல்வதோடு பொருந்தவில்லையே?

முதலில், பையில் எழுதியிருக்கும் அளவை நம்பிக் கழிக்காதீர்கள். குழாயைக் கழுவி விடுவதற்காகப் பையில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடவே நிரப்பியிருப்பார்கள். கையால் செய்பவர்களுக்கு இது பெரிய குழப்பம் தரும். வெளியே வந்ததில் 2,000ஐக் கழித்து யூ.எஃப். என்று எழுதினால், கழுவிய நீரும் அதில் சேர்ந்திருக்கலாம். இரண்டாவது, சர்க்கரை கலந்திருப்பதால் ஒரு லிட்டர் ஒரு கிலோவைவிடச் சற்று கூட இருக்கும். மூன்றாவது, காலிப் பையின் எடையைக் கழிக்க வேண்டும். பெட்டி தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு இதற்குத் தோதானது, ஆனால் அதை முதலில் சரிபாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிறைத்து ஒரு தடவை, காலியாக ஒரு தடவை தொங்கவிட்டால் வித்தியாசம் ஒரு கிலோவை ஒட்டி வர வேண்டும்.

ஒரு நாள் பொருந்தவில்லை என்றால் பரவாயில்லை. ஒரு வாரம் எழுதி வைத்து, எப்போதும் ஒரே பக்கமாக விலகினால், அந்தத் தாளை பி.டி. நர்ஸிடம் காட்டுங்கள்.

யூ.எஃப். நன்றாக இருக்கிறது என்று மெஷின் சொல்கிறது, ஆனால் கால் வீங்குகிறது. மெஷின் பொய் சொல்கிறதா?

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. மூன்று நாள் தொடர்ந்து 1,100, 1,200 என்று காட்டியது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அப்பாவின் எடை இறங்கவில்லை, செருப்பு இறுகியது. உணரிதான் சாய்ந்துவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். தொழில் புத்தி.

உணரியில் ஒன்றும் இல்லை. பகலில் வயிற்றில் இருக்கும் நீரை மாலையில் மெஷின் முதலில் வடிக்கும். அப்பாவுக்கு அந்த வாரம் மலச்சிக்கல், கதீட்டரின் (வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாயின்) நுனி ஒதுங்கியிருந்திருக்கிறது. முதல் வடிப்பில் பாதிதான் வந்தது. மீதி 500, 600 மில்லி முதல் சுற்றின் வடிப்போடு சேர்ந்து வந்தது. அந்த முதல் வடிப்பை மெஷின் இரவுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் அடுத்து வந்த மிச்சத்தைப் புதிதாக இறங்கிய நீர் என்று கூட்டிவிட்டது. அளந்தது சரி, கணக்கு எங்கே தொடங்கியது என்பதில்தான் கோளாறு. அந்த எண்ணை மட்டும் பார்த்து மருந்து நீரின் பலத்தைக் குறைத்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். மலச்சிக்கல் சரியானதும் எண் 700க்கு வந்தது, எடையும் இறங்கத் தொடங்கியது.

அதனால் யூ.எஃப்.-ஐ மட்டும் எழுதாதீர்கள். முதல் வடிப்பு எவ்வளவு, காலை எடை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், நீர் வடிந்த பிறகு, ஒரே மாதிரி உடையில் பாருங்கள். எடை மெஷினைப் பாயின் மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள்.

வயிற்றில் நீர் அதிகமாகத் தங்கிவிடுமா?

தங்கலாம், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் முழுக்க வடியாமல் அடுத்த 2 லிட்டர் ஏறினால் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். குறிப்பிட்ட சதவீதம் வடிந்தால்தான் அடுத்ததை ஏற்றும்படி மெஷினில் வரம்பு வைத்திருப்பார்கள். "வடிப்பு குறைவு" என்று அலாரம் அடிக்கும்போது தூக்கக் கலக்கத்தில் அதைத் தாண்டி அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதுதான் ஆபத்து. குழாய் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா, ஃபைப்ரின் என்னும் வெள்ளை நூல் போன்றது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் நீரை வேண்டுமென்றே வயிற்றில் விட்டுவைக்கும் டைடல் முறையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் யூ.எஃப். எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே மெஷினுக்குச் சொல்லியிருப்பார்கள். நிஜத்தில் அதைவிட அதிகம் இறங்கினால் அந்த அதிகம் வயிற்றிலேயே தங்கும்.

வயிறு விண்ணென்று இருப்பது, மூச்சு முட்டுவது, தோள்பட்டை வலி, கதீட்டர் பக்கம் கசிவு இதில் எது வந்தாலும் உடனே நீரை வடிய விட்டு, ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கும், வாய்விட்டுச் சொல்ல முடியாத பெரியவர்களுக்கும் இதைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கட்டில் உயரம் அளவைப் பாதிக்குமா?

அளவை அதிகம் பாதிக்காது. அளக்கும் கணத்தில் பம்ப் அறையின் வால்வுகள் மூடியிருக்கும். ஆனால் ஓட்டத்தைப் பாதிக்கும். ஒரு மீட்டர் உயர வித்தியாசம் கிட்டத்தட்ட 10 கிலோபாஸ்கல் அழுத்தம். மெஷின் படுப்பவரைவிட ரொம்ப மேலேயோ கீழேயோ இருந்தால் வடிவது இழுபறியாகி அலாரம் அடிக்கும். கையேட்டில் சொன்ன உயரத்தில் வையுங்கள். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் மெஷினையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும்.

நடுராத்திரி கரண்ட் போனால் கணக்கு அழிந்துவிடுமா?

கொஞ்ச நேரம் என்றால் பல மெஷின்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை உங்கள் மெஷினின் கையேட்டில் பாருங்கள். நம்ம ஊர் மின்சாரக் கம்பெனி பெஸ்காம் மழைக்காலத்தில் எப்படி என்று நமக்குத் தெரியும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டும் முன் கம்பெனி ஆளிடம் கேளுங்கள், ஏனென்றால் மருந்து நீரைச் சூடாக்கும் தட்டு நிறைய கரண்ட் இழுக்கும். கரண்ட் வந்ததும் மெஷின் காட்டும் எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

அளவைச் சரிபார்க்க மெஷினை நாமே திறக்கலாமா?

வேண்டாம். நானே திறப்பதில்லை. தெரிந்த அளவுள்ள அறைகளும் தரப்படுத்திய அழுத்தக் கருவியும் இல்லாமல் சரிசெய்யப் போனால் சாய்வு கூடத்தான் செய்யும். வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வரும் ஆளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: உணரியின் பூஜ்ஜியம் எவ்வளவு நகர்ந்திருந்தது, போன தடவை எவ்வளவு. இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போகும்போது மெஷினைக் கொண்டுபோகலாமா?

போன பொங்கலுக்கு நாங்கள் வேலூருக்குக் கொண்டுபோனோம். காரில் பின் சீட்டில், சீட் பெல்ட் போட்டு. டிக்கியில் வைத்தால் மேடுபள்ளத்தில் அடிபடும். போய்ச் சேர்ந்ததும் உடனே ஆன் செய்யாமல் அறையின் வெப்பத்துக்கு வரட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டோம். முதல் இரவின் யூ.எஃப். 720, காலை எடை அரைக் கிலோ குறைவு. நோட்டில் ஊர் பெயரையும் சேர்த்து எழுதினோம்.